நாலாவது படி

உள்ள தள்ளி உட்காருங்க தம்பி, ஜன்னலோரம் உங்களுக்குத்தான். நான் இந்தப் பக்கம் இருந்துக்கறேன், காலை நீட்டணும், முட்டி வலி. காரைக்குடி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்க எங்க, திருமயமா? ஓகோ. திருமயம். சரி சரி.

இல்லை, ஒண்ணுமில்லை. திருமயத்துல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. அதை அப்புறம் சொல்றேன்.

இந்த பஸ் திருச்சியில காலியா நின்னப்ப முதல்ல ஏறினவன் நான். அடுத்து ஒரு ஆள் ஏறினார். என் பக்கத்துல உட்கார்ந்தாரா? இல்லையே. நாலு சீட் தள்ளிப் போய் ஜன்னலைப் பிடிச்சார். மூணாவது ஆள் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, ரெண்டு பேர் மேலயும் படாம. ஜன்னல் எல்லாம் தீர்ந்தப்புறம்தான் ஒருத்தர் பக்கத்துல இன்னொருத்தர். யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? கிடையாது. முப்பது வருஷமா நான் சம்பளம் வாங்கினது இதைச் சொல்றதுக்குத்தான் தம்பி.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான். நான் கணக்குப் புரொபசர். சென்னையில ஒரு ஆராய்ச்சி நிறுவனம், பேரு வேண்டாம். ஒரு பெரிய கட்டம் போடுங்க, ஆயிரம் வரிசை, ஆயிரம் பத்தி. ஒவ்வொரு கட்டத்துலயும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஏதோ ஒரு எண்ணை எழுதுங்க. மேட்ரிக்ஸ்னு பிளஸ் டூல படிச்சிருப்பீங்களே, அதேதான். அந்தக் கட்டத்துலேர்ந்து சில எண்களை வடிச்சு எடுக்கலாம், ஐகன் மதிப்புன்னு சொல்வோம். உள்ள போட்டது கண்ணை மூடிக்கிட்டுப் போட்டது. வெளிய வர்றது மட்டும் கண்ணைத் திறந்துகிட்டு வரும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காம, தள்ளித் தள்ளி உட்காரும், இந்த பஸ் மாதிரி. அணுவோட உட்கருவுக்குள்ள எந்தெந்த அளவுல சக்தி இருக்குன்னு பௌதிகக்காரங்க பார்த்தாங்க, அங்கயும் இதே கதை. அதனால அவங்களுக்கும் நாங்க வேணும், எங்களுக்கும் அவங்க வேணும்.

அதுல என் வேலை எது? கடைசி சீட்டு ஆள். எல்லாரையும் விட்டு ஓரத்துல ஒருத்தன் உட்கார்ந்திருப்பான் பாருங்க, அவன் எவ்வளவு தூரம் தள்ளிப் போவான், எவ்வளவு ஆடுவான். கட்டத்துல எப்படிப்பட்ட எண்ணைப் போட்டாலும் அந்தக் கடைசி ஆளோட ஆட்டம் ஒரே மாதிரிதான்னு ஒரு தேற்றம் இருக்கு. அது நான் நிரூபிச்சது.

நாங்க. நாங்க நிரூபிச்சது.

அகிலாண்டேஸ்வரின்னு ஒரு பொண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஆராய்ச்சி மாணவரா சேர்ந்தோம், ஒரே ரூம், ஒரே கரும்பலகை. அந்த அம்மாதான் இப்ப திருமயத்துல இருக்கறது. நல்ல பொண்ணு. கணக்குப் போடறதுல கெட்டிக்காரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும் தம்பி, கேள்வியைக் கொண்டு வந்தது நான். ஒரு பௌதிகக்காரர் லெக்சர்ல உட்கார்ந்து கேட்டு, குறிச்சிட்டு வந்து, "அகிலா, இப்படி ஒண்ணு இருக்கு, பார்க்கலாமா"ன்னு சொன்னது நான்தான். அப்புறம் அவ பலகையில எழுதுவா. நான் உட்கார்ந்து பார்ப்பேன். "இது ஏன்"னு கேப்பேன். அவ நின்னு யோசிச்சு, அழிச்சு, மறுபடி எழுதுவா. "ஏன்"னு கேக்கறது சின்ன வேலை இல்லை. டீ வாங்கிட்டு வர்றதும் நான்தான், அந்தக் காலத்துல பொம்பளைப் பிள்ளைங்க டீக்கடைக்குப் போக மாட்டாங்க.

இப்ப என் வயித்தெரிச்சலைச் சொல்றேன் கேளுங்க. எங்க கணக்குல ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து எழுதினா பேரை ஏ பி சி டி வரிசையில போடணும். யார் அதிகம் செஞ்சா, யார் கம்மி செஞ்சான்னு அதுல தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் வழக்கமே. அவ அகிலாண்டேஸ்வரி, நான் வைத்தியலிங்கம். பொறந்தப்பவே தோத்துட்டேன். எங்கப்பா பேர் ஆறுமுகம், பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். வெள்ளைக்காரன் மாதிரி அப்பா பேரைக் கடைசிப் பேரா வச்சுக்கலாமான்னுகூட யோசிச்சேன். அதையும் எழுதிப் பார்த்தேன் தம்பி. அப்பவும் அவதான் முன்னாடி!

சரி, வரிசைக்கு அர்த்தம் இல்லைதான். ஆனா வெளியூர்க்காரனுக்கு ரெண்டு நீளப் பேரைச் சேர்த்துச் சொல்ல வாய் வராது. முதல் பேரை மட்டும் சொல்லிட்டு நிறுத்திடுவான். அதையும் முழுசாச் சொல்ல மாட்டான். "அகிலா தேற்றம்." பாரிஸ்ல அப்படித்தான், டோக்கியோல அப்படித்தான். நான் மேடையில நிக்கறேன், என்னை அறிமுகப்படுத்தறவன் "அகிலா தேற்றத்தைப் பத்திப் பேசுவார்"ங்கறான். ஊரெல்லாம் சுத்தி அதைப் பேசிப் பேசி வளர்த்தது நான். அவ ஒரு இடத்துக்கும் வந்ததில்லை. எப்படி இருக்கும் எனக்கு?

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டர், காரைக்குடி. போன வாரமே பார்த்தீங்களே என்னை.

ஏன் வரலைன்னு கேக்கறீங்களா? அவளுக்கு வேலை கிடைக்கலை, அவ்வளவுதான். எங்க நிறுவனத்துல ஒரே ஒரு இடம் காலியாச்சு. ரெண்டு பேரும் போட்டோம். கையில இருந்தது அந்த ஒரு தேற்றம், ரெண்டு பேருக்கும். தேர்வுக்குழுவுல தலைமைக்கு உட்கார்ந்தவர் பௌதிகக்காரர், பெரிய மனுஷர். அவங்க வழக்கமே வேற. வேலை செஞ்ச மாணவன் பேர் முன்னாடி, லேபை நடத்தற பெரியவர் பேர் கடைசியில. அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் பொண்ணு உங்க வழிகாட்டல்ல வேலை செஞ்சவங்களா?"ன்னார்.

நான் என்ன சொன்னேன்? "தினமும் கூடி விவாதிப்போம் சார்"னேன். அது பொய்யா? தினமும்தானே விவாதிச்சோம். அவ்வளவு பெரிய மனுஷரை எல்லார் முன்னாடியும் "உங்களுக்கு எங்க வழக்கம் தெரியலை"ன்னு எப்படிச் சொல்றது? அவரும் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

எனக்கு அப்புறம் அவ உள்ள போனா. வெளிய வந்தப்ப மூஞ்சி சிவந்திருந்துச்சு. "வைத்தி, அவங்க என்னை உன் ஸ்டூடண்டுங்கறாங்க. ஏ பி சி டி வரிசைன்னு எடுத்துச் சொன்னேன், நம்பலை. திமிர் பிடிச்சவன்னு நெனச்சுட்டாங்க. நீ உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லேன்"னா. இண்டர்வியூ முடிஞ்சு வெளிய வந்த ஆளு திரும்பக் கதவைத் தட்டினா நல்லாவா இருக்கும் தம்பி? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். அவ பையை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் ஒரு பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ்ல லெக்சரரா சேர்ந்தா, புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆச்சு. வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பெடுத்துட்டு ஆராய்ச்சி எங்கேர்ந்து பண்றது? நல்லாத்தான் இருக்கான்னு கேள்வி. நான்தான் இங்க மாட்டிக்கிட்டேன்.

மாட்டிக்கிட்டேன்னா, ஆமாம். உங்களுக்கு நல்ல வேலை, குவார்ட்டர்ஸ், வெளிநாடுன்னு தோணும். இருபத்தெட்டு வயசுல ஒரு தேற்றம். அதுக்கப்புறம் அந்த அளவுக்கு ஒண்ணும் வரலை. வரலைன்னா, நேரம் எங்க? அந்தக் கமிட்டி, இந்தக் கமிட்டி, மாணவர் சேர்க்கை, கட்டடக் குழு. எங்க கூப்பிட்டாலும் அதே ஒரு பேச்சைத்தான் கேப்பாங்க. பாட்டுக்காரனை ஒரே பாட்டைப் பாடச் சொல்ற மாதிரி. மூணு படி சொல்வேன், நாலாவது படி வரும்போது தண்ணி குடிப்பேன். "இது வெறும் கணக்கு, நேரம் இல்லை, விட்டுடறேன்"னு அஞ்சாவதுக்குப் போயிடுவேன். யாரும் கேட்டதில்லை. தண்ணி குடிக்கற ஆளை யார் கேப்பா?

நாலாவது படியா? அது அவ எழுதினது. எழுதிட்டு அவளே இழுத்தா. "வைத்தி, இந்த இடத்துல இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாதிக்காதுன்னு எடுத்துக்கிட்டோம். எனக்கு என்னமோ பாதிக்கும்னு தோணுது. கொஞ்ச நாள் குடு, பார்த்துடறேன்"னா. அவ எதையும் மூணு தடவை பார்க்கற ஆளு, கேஸை அணைச்சோமான்னு திரும்பி வந்து பார்க்கறாங்களே, அந்த மாதிரி. இண்டர்வியூ வேற வந்துட்டு இருந்துச்சு. நானே டைப் அடிக்கக் குடுத்து, நானே தபால்ல போட்டேன். பத்திரிகையில ஏத்துக்கிட்டாங்களே! தப்பு இருந்தா ஏத்துப்பாங்களா?

புதுக்கோட்டை வந்துடுச்சு. பாருங்க, பாதி பஸ் இறங்குது. முன்னாடி ஜன்னல் சீட்டெல்லாம் காலி. நீங்க வேணும்னா மாறி உட்காரலாம், என் காலைத் தாண்டித்தான் போகணும், நான் எந்திரிக்கறதுன்னா கொஞ்சம் சிரமம். பரவாயில்லையா? நல்லது. நீங்க நல்ல பிள்ளை.

விஷயத்துக்கு வர்றேன். வர்ற சனிக்கிழமை எனக்கு அறுபது முடியுது. எங்க ஆளுங்கள்ல ஒரு பழக்கம், அறுபது ஆனா ஒரு மாநாடு நடத்துவாங்க. நம்ம அறுபதாம் கல்யாணம் மாதிரிதான், தாலி மட்டும் கிடையாது. மூணு நாள் லெக்சர், கடைசியில மாலை, சால்வை, சாப்பாடு. என் மாணவப் பசங்க ஏற்பாடு. ஏழு நாட்டுலேர்ந்து ஆள் வர்றாங்க. சனிக்கிழமை முக்கிய லெக்சர் ஒரு பிரெஞ்சுப் பையனுக்கு, பேரு என் வாயில நுழையாது. முப்பது வயசு இருக்கும். அவன் நம்ம தேற்றத்தை ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பலகையில போட்டுக் காட்டப் போறானாம், எனக்கு மரியாதையா.

அவன் மூணு மாசமா ஈமெயில் போடறான். "நாலாவது படி எனக்குப் பிடிபடலை, இது ஏன்?"னு. ஏன்! நான் கேட்ட அதே "ஏன்". முதல் தடவை "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு எழுதினேன். அவன் எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேட்டான். "பழைய குறிப்பைத் தேடிப் பார்க்கறேன்"னு எழுதினேன். அப்புறம் பதில் போடலை. அவனும் விட்டுட்டான். விட்டுட்டான்னா என்ன அர்த்தம்? மேடையில கேக்கப் போறான்னு அர்த்தம். ஏழு நாட்டு ஆளுங்க முன்னாடி, மாலையும் கழுத்துமா உட்கார்ந்திருக்கறவனைத் திரும்பிப் பார்த்து, "புரொபசர், இந்தப் படி?"ன்னு கேப்பான்.

எனக்குத் தெரியும் தம்பி. தெரியாம இல்லை. முப்பது வருஷம் ஆச்சு, எழுத்து அவளோடது, மறந்துடுச்சு, அவ்வளவுதான். ஒரு தடவை அவ பக்கத்துல இருந்து ஞாபகப்படுத்தினா போதும். ரெண்டு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்துக்குள்ள போனா வெளிய வர வழியில்லை. எழுதின கோடு எல்லாம் அவளுக்குப் பேசுது, எனக்குப் பேச மாட்டேங்குது. மண்டை காயுது. வீட்டுக்காரம்மா ரெண்டு நாள் பார்த்துட்டு, "அந்த அம்மாவையே கேட்டுட வேண்டியதுதானே, என்ன கௌரவம்"னா. அவளுக்கு என்ன, ஈஸியா சொல்லிட்டா.

போன வாரமும் இதே பஸ்ல வந்தேன். திருமயத்துல இறங்கலாம்னுதான் வந்தேன். அன்னைக்கு வெயில் ஜாஸ்தி. காரைக்குடி போய் ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பிட்டேன்.

அழைப்பா? இல்லை, அவளுக்கு அனுப்பலை. பசங்க போட்ட பட்டியல் அது, என்கிட்ட காட்டினாங்க, பார்த்தேன். அவ இந்தத் துறையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆச்சு, வந்தாலும் அவளுக்கு என்ன புரியும்? சங்கடப்படுவா. நான் அவளை நினைச்சுத்தான் ஒண்ணும் சொல்லலை.

பயமா இருக்கு தம்பி. சொல்லிட்டேன். இதை நான் வீட்டுல கூடச் சொன்னதில்லை.

ஒரு உதவி பண்றீங்களா? உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. என்கிட்டயும் இருக்கு, ஆனா என் நம்பரைப் பார்த்தா எடுப்பாளோ மாட்டாளோ. நேர்ல போய் நிக்கறதை விட இது மேல். காலேஜ்ல விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சிருக்கேன், இந்தாங்க, நீங்களே அழுத்துங்க, எனக்குக் கை வரலை. ரிங் போகுதா? குடுங்க.

ஹலோ. அகிலாண்டேஸ்வரி மேடமா? நான் வைத்தி பேசறேன். வைத்தியலிங்கம். ஆமா, சென்னை. ஆமா. நல்லா இருக்கேன், நீ? நீங்க?

"சொல்லுங்க சார்"ங்கறா தம்பி. வைத்தின்னு கூப்பிட்ட வாய்.

இல்ல அகிலா, பஸ்ல இருக்கேன், அதான் சத்தம். ஒரு சின்ன விஷயம். அந்தப் பழைய பேப்பர்ல நாலாவது படி... ஆமா. ஆமா, பிரெஞ்சுப் பையன். உனக்கு எப்படித் தெரியும்?

அவளுக்கும் எழுதியிருக்கான். நான் பதில் போடலைன்னதும் தேடிப் பிடிச்சு அவளுக்கு எழுதியிருக்கான். அவ பதில் போட்டுட்டா.

ஹலோ, இருக்கேன், சொல்லுங்க. ம். ம். அப்ப அது தப்பா? ஓட்டை இருக்கா? சரி. சரி. அடைச்சாச்சா! எப்ப?

புதுக்கோட்டையில வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷமே அடைச்சுட்டாளாம் தம்பி. அந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாதிக்கத்தான் செய்யுதாம், அதை வச்சுக்கிட்டே வேற வழியா சுத்திப் போகணுமாம். முப்பது வருஷமா கையில வச்சிருக்கா. நான் ஒவ்வொரு ஊர்லயும் தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னேன்.

அகிலா, ஏன் என்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்"ங்கறா.

ம், கேக்குது, சொல்லுங்க. சனிக்கிழமையா? நீங்களா? ஓ. இல்லை, சந்தோஷம். ரொம்ப சந்தோஷம்.

பையன் தன்னோட நேரத்தை அவளுக்குக் குடுத்துட்டான். அவளே வந்து பலகையில எழுதப் போறா. நான் முன் வரிசையில. மாலை போட்டுக்கிட்டு.

என்ன? என் பேரா? ஒரு நிமிஷம் அகிலா, ஒரே நிமிஷம், வச்சுடாத.

தம்பி, இதைக் கேளுங்க. திருத்தின நிரூபணத்தைப் புதுசா எழுதி வெளியிடப் போறாளாம். என் பேரையும் போட்டிருக்காளாம். "ஏ பி சி டி வரிசைதானே சார், வழக்கப்படி போட்டிருக்கேன். உங்க சம்மதம் இல்லாம அனுப்பக் கூடாது. இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"ங்கறா. கோவமா இருந்தாக்கூடத் தேவலை. கோவமே இல்லை, கடையில பை வேணுமான்னு கேக்கற மாதிரி கேக்கறா. எடுத்துடுன்னா, அதுல நான் ஒண்ணும் செய்யலைன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி. அப்ப பழைய பேப்பர்ல என்ன செஞ்சேன்னு கேப்பாங்க. இருக்கட்டும்னா, ஆயுசுக்கும் அவ குடுத்த சோறு. ரெண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கு தம்பி, நான் எந்தப் பக்கம் போவேன்?

திருமயம் வந்துடுச்சா? தெரியுது, கோட்டை தெரியுது. இறங்கணும், ஆமா, போனும் உங்களோடது, தெரியுது. கண்டக்டர், ஒரு நிமிஷம், இந்தத் தம்பி இறங்கணும், விசிலடிச்சுடாதீங்க. என் கால் நகர மாட்டேங்குது.

அகிலா. இருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இருக்கட்டும். பேர் இருக்கட்டும் அகிலா.

வச்சுட்டா. "சரி சார்"னா, வச்சுட்டா. இந்தாங்க போன், ரொம்ப நன்றி. இப்படிக் காலைத் தாண்டி வாங்க, மெதுவா, இடிச்சாலும் பரவாயில்லை. அவ வீடு இங்கதான் எங்கயோ பக்கத்துலன்னாங்க. நானா? நான் இறங்கலை தம்பி. காரைக்குடி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேனே.